ஸ்ரீரங்கத்துக் குதிரைகளும் அந்தி நேரத்துப் பூச்சியும்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் யானையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. குழந்தைகள் விடமாட்டார்கள். குதிரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கோயிலில் குதிரைக்கும் பெரிய இடம் உண்டு.

வெள்ளைக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சேஷராயர் மண்டபம் இருக்கிறது. விஜயநகர, நாயக்கர் காலத்து வேலைப்பாடு. முகப்பில் கல் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. முதுகில் வீரன், காலடியில் பாய்ந்து வரும் புலி, அதைக் குத்தும் ஈட்டி. கடிவாள வாரின் மடிப்பும் சேணத்து மணியும்கூடக் கல்லில் தெரியும். அவசரமாகச் சேவித்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அடுத்தது தங்கக் குதிரை. வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில் இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபரி. நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு எழுந்தருள்வார். வாகனத்தைத் தோளில் சுமப்பவர்கள் முன்னும் பின்னும் ஓடி, குதிரை பாய்வதுபோலவே காட்டுவார்கள். இதற்கு வையாளி என்று பெயர். வழிப்பறி செய்துவந்த திருமங்கை மன்னன் பெருமாளையே மடக்கி, கடைசியில் அவரிடமே திருமந்திரம் கேட்டு ஆழ்வாரான கதை அன்றைக்கு நடக்கும். அந்த மன்னனுக்கும் ஒரு குதிரை உண்டு. அதன் பெயர் ஆடல்மா.

கல் குதிரையையும் தங்கக் குதிரையையும் எந்தப் பூச்சியும் கடிக்காது. சிக்கல் மூன்றாவது குதிரைக்குத்தான். திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்றைக்கும் உயிருள்ள குதிரைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஊருக்குள் சவாரிக்கு ஜட்கா வண்டிதான். ஆட்டோ வந்தபின் அது போய்விட்டது. இப்போதுள்ள குதிரைகள் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகின்றன, கோயில் திருவிழாவுக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகின்றன, பொங்கலை ஒட்டி எல்கைப் பந்தயத்தில் வண்டி இழுத்து ஓடுகின்றன. பந்தயத்தில் பெரிய குதிரை, சின்னக் குதிரை என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. குதிரை வைத்திருப்பவர்களில் சிலருக்கு அது பரம்பரைப் பெருமை, சிலருக்கு அன்றாடப் பிழைப்பு. இரண்டு தரப்பையும் வருஷம் தவறாமல் படுத்துகிற ஒரு நோய் இருக்கிறது. அதற்குக் காரணமான பூச்சி எள்ளைவிடச் சிறியது.

காற்று நிற்கும் மாதங்கள்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். மேற்கே முக்கொம்பில் பிரிகிற ஆறு, கிழக்கே கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைத் தாண்டினால் மேலூர், திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி என்று வாழையும் நெல்லும்தான். கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். ஈரம் காயாத மண், சாணம் கலந்த சேறு, வெட்டிப்போட்ட வாழைத்தண்டு என்று எல்லாமே அங்கே உண்டு. அந்தப் பூச்சிக்கு வேண்டியதும் இவைதான்.

கால்நடை மருத்துவர்கள் அதைக் கியூலிகாய்ட்ஸ் என்பார்கள். கொசுவுக்குத் தூரத்து உறவு. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான் நீளம். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். பெண் பூச்சி மட்டும் ரத்தம் குடிக்கும். வெயில் ஏறிய பிறகு அதைக் காண முடியாது. பொழுது சாயும்போது கிளம்பும், விடியற்காலையிலும் வரும். முட்டையிடுவது ஈரமான, அழுகல் கலந்த மண்ணில். இந்த இனத்தில் சில வகைகள் அழுகும் வாழைத்தண்டிலேயே வளர்வதை ஆப்பிரிக்காவில் கண்டறிந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் செம்மறி ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே இனம்தான். ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு. பறப்பதில் சோப்ளாங்கி. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே திணறிப்போய் எங்காவது ஒட்டிக்கொள்ளும். திருச்சிக்காரர்களுக்கு ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி இரண்டு மாதமும் மொட்டைமாடித் துணியைப் பிய்த்துக்கொண்டு போகும். கண்ணில் மண் விழுகிறது என்று ஊரே திட்டினாலும், குதிரைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. அம்மையார் வேறு யாரும் இல்லை, காற்றே காவல் காக்கிறது.

ஆவணி கடந்து காற்று ஓய்கிறது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் நிறைந்திருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் மழை பிடிக்கும். காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, எங்கே பார்த்தாலும் ஈரம். அப்போது தொடங்குகிற அரிப்பு தை வரைக்கும் நீளலாம். ஐப்பசி முகூர்த்தம், மார்கழித் திருவிழா, தை முகூர்த்தம், பொங்கல் பந்தயம் என்று குதிரைக்கு வேலை குவிகிற நாள்களும் அவையே. கல்யாண ஊர்வலம் கிளம்புகிற நேரம் வேறு சரியாக அந்தி. போதாக்குறைக்கு ஜெனரேட்டர் விளக்கு வெளிச்சம். அந்தப் பூச்சிக்கு விளக்கும் பிடிக்கும்.

எச்சிலில் இருக்கிற வினை

ஒரே லாயத்தில் இரண்டு குதிரைகள் நிற்கும். இரண்டையும் பூச்சி கடிக்கும். ஒன்று வாலை வீசிவிட்டுச் சும்மா இருக்கும். இன்னொன்று தூணில் உரசி உரசி, பத்து நாளில் பிடரி முடி கொட்டி நிற்கும். இதைப் பார்த்துவிட்டு, கண்ணு பட்டிருச்சு என்று கறுப்புக் கயிறு கட்டுவதும் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு கவலை. "என்னண்ணே, சொறியா? நம்ம ஆட்டுக்கும் ஒட்டிக்குமா?"

ஒட்டாது. இது தொற்று இல்லை, ஒவ்வாமை. கடிக்கும்போது பூச்சியின் எச்சில் தோலுக்குள் இறங்குகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்களைச் சில குதிரைகளின் உடம்பு பெரிய எதிரியாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், கொசு கடித்து ஒன்றுக்குச் சின்னப் புள்ளி, மற்றதற்குக் காசு அகலத் தடிப்பு வருகிறதல்லவா, அந்தக் கதைதான். குதிரையில் இது பரம்பரையாகவும் வரும். முதல் வருஷமே தெரியாது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தலைகாட்டி, வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும்.

ஆஸ்திரேலியாவில் இதைக் குவீன்ஸ்லாந்து அரிப்பு என்றார்கள். காரணம் இந்தப் பூச்சிதான் என்று 1950களில் அங்கேதான் நிறுவினார்கள். ஐஸ்லாந்துக் குதிரைகளின் கதை இதைவிடச் சுவையானது. அந்தத் தீவில் குதிரையை அரிக்கவைக்கும் இந்தப் பூச்சியே கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்து, பிறகு ஐரோப்பாவுக்கு விற்கப்படுகிற குதிரைகளில் ஏராளமானவை சில வருஷங்களில் அரிப்பில் விழுகின்றன. அதே இனத்தில் ஐரோப்பாவிலேயே பிறந்த குட்டிகளுக்கு அவ்வளவு வருவதில்லை. குட்டியிலேயே பழகிய உடம்பு பொறுத்துக்கொள்கிறது. வறண்ட ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் மார்வாரியும் கத்தியவாரியும் வாங்கிவந்து காவிரிக்கரையில் கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளியூரிலிருந்து குதிரையைக் கொண்டுவந்து இந்த மண்ணில் காப்பாற்றத் திண்டாடுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலையே சொல்கிறது. குதிரைச் செட்டிகள் என்று ஒரு வணிகக் கூட்டமே கல்வெட்டுகளில் வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் சமயபுரத்துக்குப் பக்கத்துக் கண்ணனூரைத் தலைநகராக வைத்துப் போசளர் இந்தப் பகுதியை ஆண்டார்கள். பிறகு சடையவர்மன் சுந்தர பாண்டியன் அவர்களை வென்று ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான். இந்தப் போர்களுக்கெல்லாம் குதிரை வேண்டும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு மலைக்க வைக்கும்: பாண்டியக் கடற்கரைக்கும் மற்ற இந்தியத் துறைமுகங்களுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார்.

அதே நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொரு பக்கத்தைச் சொல்கிறார். ஒவ்வொரு அரசனும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்குவானாம். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுக்கிறார்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, வைத்தியரை வியாபாரிகளே வரவிடுவதில்லை என்று அடுக்குகிறார். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யாரிடம் விற்பது! போலோவின் எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டியதில்லை.  நாட்டின் தட்பவெப்பமும் குதிரைக்கு ஒத்துவரவில்லை என்று அவரே எழுதுகிறார். பாலைவனத்துக் குதிரையை முளையடித்துக் குட்டைக் கயிற்றில் ஈர மண்ணில் கட்டினால் பூச்சியிடமிருந்து அது எங்கே ஓடும்?

கட்டுகிற கயிறு சாதாரண விஷயம் இல்லை. திறந்த வெளியில் விட்ட குதிரைகள் ஒன்றின் வாலுக்கு நேரே மற்றதன் முகம் வருகிற மாதிரி ஜோடியாக நிற்பதைப் பார்க்கலாம். என் முகத்து ஈயை நீ ஓட்டு, உன் முகத்து ஈயை நான் ஓட்டுகிறேன் என்ற ஏற்பாடு அது. நகரத்தில் தனியாக, தலையைத் திருப்ப இடமில்லாமல் கட்டிய குதிரைக்கு அந்த உதவியும் இல்லை. அழகுக்காக வால் முடியையும் நெற்றி முடியையும் கத்தரித்துவிட்டால் இருக்கிற விசிறியும் போயிற்று. பழைய ஜட்கா குதிரைகளுக்கு நெற்றியில் நூல் குஞ்சமும் மணியும் தொங்கவிட்டார்கள். அது வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணில் ஈ உட்காராமல் ஓட்டுவதும் அதன் வேலை.

மாலை ஐந்து மணிக்கு முன்னால்

அரிப்பு முதலில் தெரிவது பிடரியிலும் வாலின் அடியிலும்தான். காதோரம், அடிவயிற்றின் நடுக்கோடு ஆகிய இடங்களிலும் வரும். முடி குட்டையாக, உடைந்து, சீவாத தலைபோல நிற்கும். அப்போதே கவனித்தால் பாதி வேலை முடிந்தது. விட்டுவிட்டால் தோல் கிழிந்து நீர் கசியும், அதில் ஈ மொய்க்கும், புண் சீழ் பிடிக்கும். கடைசியில் தோல் யானைத்தோல் மாதிரி தடித்து மடிந்துபோகும். அந்தப் புண்ணின்மேல் ஊர்வலத்துக்கு ஜரிகைப் போர்வையையும் சேணத்தையும் கட்டி மறைத்துவிடலாம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே உரசுகிற ஜரிகைக்கு அது பச்சைப் புண் என்று தெரியாதே. வலி பொறுக்காமல் கூட்டத்துக்கு நடுவே குதிரை எகிறினால், மேலே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கும் ஆபத்து, சுற்றி ஆடும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

மருந்தைவிட நேரம்தான் இங்கே முக்கியம். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அதாவது மாலை ஐந்து மணிக்குள் குதிரையை உள்ளே கட்டிவிட வேண்டும். காலையில் வெயில் ஏறியபிறகு வெளியே விட வேண்டும். நடைப்பயிற்சியை ஆற்றங்கரையில் அந்தியில் வைத்துக்கொள்வது சுகமாகத்தான் இருக்கும், குதிரைக்கு இல்லை. லாயத்தில் ஒரு பெரிய மின்விசிறி, குதிரையின் முதுகுப் பக்கம் காற்று படுகிற மாதிரி. வீட்டுப் பழைய விசிறி ஒன்றே ஆடிக்காற்றின் வேலையைப் பார்க்கும். ஒயரைக் குதிரை கடிக்காத உயரத்தில் மாட்டவேண்டும், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வலை அடிப்பதென்றால் மிக நெருக்கமான கண் உள்ளதாகப் பார்க்கவேண்டும்.

லத்தியை அன்றன்றே அள்ளித் தூரத்தில் கொட்டுவது அடுத்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எப்போதும் ஒரு சேற்று வட்டம் இருக்கும்; பூச்சியின் பிரசவ அறை அதுதான். அங்கே மணலோ சரளையோ கொட்டி மேடாக்கிவிடலாம். தீனிக்கு வந்த வாழைத்தாரின் தண்டும் மட்டையும் லாயத்துக்குப் பக்கத்தில் மக்கக் கூடாது.

பூச்சு விஷயத்தில் நம் ஆட்களுக்கு வேப்பெண்ணெய் மேல் நம்பிக்கை அதிகம். தவறில்லை, பூச்சி ஓரளவு விலகும். ஆனால் வேர்வையில் கரைந்துவிடும், தினமும் தடவவேண்டும்; சில குதிரைக்குத் தோல் எரியும் என்பதால் முதலில் ஓர் இடத்தில் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. பெர்மெத்ரின் தெளிப்பு இன்னும் நன்றாக வேலை செய்யும். அதே வீட்டில் பூனை இருந்தால் ஜாக்கிரதை, பூனைக்கு அது விஷம். பூச்சி கடிக்காத மெல்லிய துணியில் கழுத்து முதல் வால்வரை மூடும் போர்வை வெளிநாடுகளில் சகஜம். இங்கே திருச்சி வெயிலுக்குப் பகலெல்லாம் போர்த்த முடியாது, ராத்திரிக்கு மட்டும் வெளிர் நிறப் பருத்தித் துணியில் தைத்துக்கொள்ளலாம். சாம்பிராணி, வேப்பிலை மூட்டம் போடுவதும் பழைய வழக்கம்தான். திறந்த தொழுவத்தில் சரி. நாலு பக்கமும் மூடிய கொட்டகையில் புகை பூச்சியை விரட்டுகிறதோ இல்லையோ, குதிரையின் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

செய்யவே கூடாதவையும் உண்டு. மண்ணெண்ணெய், டீசல், வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் தோலைப் பொசுக்கும். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து மீதி இருக்கிறதே என்று குதிரைக்கு ஊற்றுவது அதைவிட மோசம். அந்த மருந்துகளில் பலவற்றில் அமிட்ராஸ் இருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. குதிரைக்குக் குடல் அசைவே நின்றுபோய் வயிற்றுவலியில் சாகக்கூடும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க ஒரு நிமிஷம் போதும்.

அரிப்பு கிளம்பிவிட்டால் குளிர்ந்த தண்ணீரை நிதானமாக ஊற்றிக் கழுவினாலே குதிரை கொஞ்சம் அமைதியாகும். புண்ணுக்கு மருத்துவர் சொல்லும் களிம்பு. மனிதர்களுக்கான அலர்ஜி மாத்திரை குதிரைக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. ஸ்டீராய்டு ஊசி ஒரே நாளில் அரிப்பை அடக்கும். அதனால்தான் மருந்துக்கடையிலேயே வாங்கிப் போட்டுவிடலாம் என்று கை போகிறது. கூடாது. ஸ்டீராய்டு சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் வீக்கத்தைக் கிளப்பி நிற்கவே முடியாமல் பண்ணிவிடும். ஒரு முகூர்த்தத்தைக் காப்பாற்றப் போய்க் குதிரையையே இழந்த மாதிரி ஆகும். அளவையும் நாளையும் மருத்துவர் சொல்லவேண்டும். உரசிக் கிழிந்த புண் எதுவானாலும் டெட்டனஸ் தடுப்பூசி பாக்கியில்லாமல் இருக்கிறதா என்றும் கேட்டுவிடவேண்டும். வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்குக் குதிரையைப் போல் சட்டென்று பலியாவது வேறில்லை.

உடம்பு முழுக்க வட்ட வட்டமாகத் தடிப்பு எழும்பி, முகம் வீங்கி, மூச்சு இழுத்தால் அது காத்திருக்கிற சமாசாரம் இல்லை. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும். திருச்சியில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனையும் இருக்கிறது.

பகலில் கடிக்கிற பெரிய ஈ

பகலில் வருகிறது வேறொரு எதிரி. பெரிய ஈ, உட்கார்ந்தால் ஊசி குத்திய மாதிரி ரத்தம் சொட்டும். இது கடிப்பதோடு ஒரு குதிரையின் ரத்தத்தை வாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த குதிரைக்குப் போகும். சர்ரா என்ற காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை, காலிலும் வயிற்றடியிலும் வீக்கம். 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகளும் ஒட்டகங்களும் செத்துக்கொண்டிருந்தபோது, கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அவற்றின் ரத்தத்தில் நெளிகிற கிருமியைக் கண்டார். இன்றைக்கும் அந்தக் கிருமிக்கு அவர் பெயர்தான். குதிரை இளைத்துக்கொண்டே போனால் கொள்ளைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்வது மேல்.

இந்தப் பெரிய ஈக்குக் கறுப்பும் பழுப்பும் பிடிக்கும். வெள்ளைக் குதிரையை அவ்வளவாக நெருங்காது. வரிக்குதிரையின் கோடுகள் அதை இன்னும் குழப்புகின்றன. 2019இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில் சாதாரணக் குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோடு போட்ட போர்வையைப் போர்த்திப் பார்த்தார்கள். ஈக்கள் அருகே வந்தன, ஆனால் உட்காரத் தெரியாமல் மோதி விலகின. போர்வை மூடாத தலையில் மட்டும் வழக்கம்போல உட்கார்ந்தன. ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று கேட்கிற கல்யாண வீட்டார் தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள்.

சின்னப் பூச்சியையும் வெறும் அரிப்போடு விட்டுவிட முடியாது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்ற கொடிய வைரஸைச் சுமப்பதும் கியூலிகாய்ட்ஸ்தான். 1960இல் அது மேற்காசியா வழியாக இந்தியாவுக்குள் வந்து ஏராளமான குதிரைகளைக் கொன்றது. பிறகு இங்கே ஒழிந்தது. 2020இல் திடீரென்று தாய்லாந்தில் புகுந்து சில மாதங்களில் 500க்கும் மேற்பட்ட குதிரைகளைச் சாகடித்தது. அங்கே கொட்டகைகளைச் சுற்றிலும் நெருங்கிய வலை கட்டிக் குதிரைகளைக் காப்பாற்றினார்கள்.

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் பார்த்துவிட்டு வரலாம். 25 ஏக்கர், 2015இல் திறந்தது. தீவின் ஈரமும் செடியும் பட்டாம்பூச்சியைக் கூட்டிவருவதை அங்கே கண்ணால் பார்க்கலாம். அதே ஈரம் வேறு எதை வளர்க்கிறது என்பது பொழுது சாய்ந்தபின் முழங்கையில் தெரியும். சின்னப் பூச்சி மனிதரையும் விடாது.

குதிரை வாங்க நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் ஈரோடு மாவட்டம் அந்தியூருக்குப் போவார்கள். குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி அங்கே பெரிய குதிரைச் சந்தை கூடும். கூடுவது ஆடியில். காற்று வீசுகிற, பூச்சி அடங்கிய மாதம். போன மழைக்காலத்தில் உரசிக் கொட்டிய பிடரி அதற்குள் ஓரளவு வளர்ந்து, எண்ணெய் தடவிச் சீவிவிட்டால் பளபளவென்று இருக்கும். நடையையும் பல்லையும் பார்த்தபிறகு, பிடரி முடியை விரலால் பிரித்து அடித்தோலைத் தடவிப் பார்க்கவேண்டும். வாலைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். முடி ஒரே நீளமாக இல்லாமல் குட்டையும் நெட்டையுமாக இருந்தால், தோல் தடித்து வரிவரியாக மடிந்திருந்தால், "போன ஐப்பசியில இது எங்கண்ணே நின்னுச்சு?" என்று விற்கிறவரைக் கேட்டுவிட்டு விலை பேசலாம்.